குறைமாதக் குழந்தையும் ‘வெறும் சளி’யும்: வீட்டில் நடக்கும் தவறுகள்

மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்த குழந்தை வீட்டுக்கு வந்த அன்றே பார்க்கக் கூட்டம் கூடிவிடும். ‘லேசா சளிதான், காய்ச்சல் எல்லாம் இல்லை’ என்று சொல்லிக்கொண்டே ஒருவர் கன்னத்தில் முத்தம் வைப்பார். இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான். தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் போய்ச் சேரும். 30 வாரத்தில் பிறந்த குழந்தை அதில் நல்ல பங்கை வாங்காமலேயே வந்துவிடுகிறது. மூச்சுக்குழாய்களும் மிகச் சின்னவை. பெரியவர்களுக்கு நாலு தும்மலோடு போகும் ஆர்.எஸ்.வி. என்ற சுவாசத் தொற்று வைரஸ், இந்தக் குழந்தையை மறுபடி ஆக்சிஜனில் படுக்க வைத்துவிடும். உதட்டில் கொப்புளம் இருப்பவர் முத்தமிட்டால் ஹெர்பிஸ் வேறு தொற்றலாம். பச்சிளம் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து.

அடுத்த தவறு, காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பது. குறைமாதக் குழந்தைக்குத் தொற்று வந்தால் உடம்பு சுடாமல் சில்லிட்டும் போகலாம். பால் குடிப்பது குறையும், எழுப்பினாலும் துவண்டு கிடக்கும். சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் ஐந்து, பத்து விநாடி மூச்சு நிற்பது இந்தக் குழந்தைகளிடம் சகஜம். 20 விநாடி நின்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அது சகஜம் அல்ல. ஆர்.எஸ்.வி. சில சமயம் சளியே இல்லாமல் இப்படித்தான் தன்னைக் காட்டும்.

‘எடை ஏறட்டும், அப்புறம் ஊசி போடலாம்’ என்று தள்ளிப்போடுவதும் நடக்கிறது. குழந்தை நிலையாக இருந்தால் 6 வாரத் தடுப்பூசிக்குக் கணக்கு பிறந்த தேதியிலிருந்துதான், டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து அல்ல. 2 கிலோவுக்குக் கீழே பிறந்திருந்தால் ஹெபடைடிஸ் பி ஊசியை எப்போது போடுவது என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசியைக் குழந்தைக்கு 6 மாதம் வரை போட முடியாது. அதுவரை வீட்டில் இருக்கிறவர்கள் போட்டுக்கொள்ளலாம்; பாட்டிக்குப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை.

அம்மாவுக்குச் சளி பிடித்ததும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்கள். வேண்டாம். முகக்கவசம் போட்டு, சோப்பால் கை கழுவிவிட்டுக் கொடுத்தால் போதும், பாலில்தான் எதிர்ப்புச் சக்தியே இருக்கிறது. போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் சிரப் வைரஸிடம் செல்லாது. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டினால் கிருமி போகும் என்பார்கள். புகையால் அந்தச் சின்ன நுரையீரல்தான் எரிச்சலடையும்.

மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா? வாசலிலேயே கை கழுவி, சீருடையை மாற்றிவிட்டுத் தம்பியின் காலைத் தொடச் சொல்லுங்கள். முகம் கொஞ்ச நாள் கழித்து.