தாம்பாளத்தில் அணுவை அளக்க

வில்லிவாக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். அணுப் பாடம் வந்தால் முதலில் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். கணாதர், டெமாக்ரிட்டஸ், டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு எல்லாரும் கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குகிற மாதிரி வரிசையாகப் போனால், பிள்ளை ஆண்டை மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான். பிரிக்கவே முடியாத துகள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அது எவ்வளவு பெரிசு என்று சொல்ல முடிந்ததா என்பதுதான் என் கேள்வி.

அதை ஒரு துளி எண்ணெயை வைத்து வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பெரிய தாம்பாளத்தை எடுங்கள். இரண்டடி அகலம் இருந்தால் நல்லது. சோப்பு ஒட்டியிருந்தால் எல்லாம் கெட்டுவிடும், அதனால் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். கேன் தண்ணீர் ஊற்றுங்கள். மொட்டை மாடி வேண்டாம், மதியத்துக்குமேல் கடற்காற்று பவுடரை ஒரு ஓரமாகத் தள்ளிவிடும். ஹாலிலேயே ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், வியர்க்கத்தான் செய்யும். தண்ணீர் அசைவு நின்றதும் முகப்பவுடரை மெல்லிய மஸ்லின் துணியில் கட்டி, மேலிருந்து லேசாகத் தட்டுங்கள். தூவியது தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும்.

பழைய வயரிலிருந்து ஒரு செம்புக் கம்பி இழையை உருவி, V போல மடித்து, நுனியை ஆலிவ் எண்ணெயில் தொட்டு எடுங்கள். தொங்கும் துளியை ஸ்கேலோடு ஒட்டிப் பிடித்து போனில் ஜூம் செய்து படம் எடுங்கள். அரை மில்லிமீட்டர் துளி போதும். நடுவில் தண்ணீரைத் தொட்டதும் பவுடர் விலகி வட்டம் விரியும். அதன் விட்டத்தை உடனே அளந்துவிடுங்கள்.

20 சென்டிமீட்டர் வந்தது என்று வையுங்கள், அதாவது 200 மில்லிமீட்டர். துளியில் இருந்த எண்ணெய்தான் வட்டத்திலும் இருக்கிறது, பரந்துவிட்டது, அவ்வளவே. 0.5-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.125. அதை 200×200-ஆல் வகுத்து, மூன்றில் இரண்டு பங்கு எடுங்கள் (உருண்டைத் துளியின் கன அளவும் வட்டப் படலத்தின் கன அளவும் ஒன்றே என்று வைத்தால் இந்தக் கணக்கு வரும்). சுமார் 0.000002 மில்லிமீட்டர், அதாவது 2 நானோமீட்டர். படலம் ஒரு மூலக்கூறு உயரம்தான் என்று கொண்டால், நீங்கள் அளந்தது மூலக்கூறு. ஆலிவ் எண்ணெயில் அதிகம் இருக்கும் ஒலிக் அமிலச் சங்கிலியில் 18 கார்பன் அணுக்கள். அந்தச் சங்கிலி தண்ணீர்மேல் நிமிர்ந்து நிற்கிறது என்று கொள்ளுங்கள். 2-ஐ 18-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். அணுவின் அளவு அந்த வட்டாரத்தில்தான் வரும்.

இப்போது வரலாற்றைச் சொன்னால் பிள்ளை கேட்கும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனின் கிளாப்ஹம் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றி, அது அரை ஏக்கர் பரவியதை 1774-இல் எழுதினார். தடிமனைக் கணக்குப் போடவில்லை! டால்டன் 1808-இல் வேறு வழியில் வந்தார்: 3 கிராம் கார்பன் 4 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஒரு வாயு, 8 கிராமோடு சேர்ந்தால் இன்னொன்று, நடுவில் எதுவும் இல்லை. முழு எண்களாக ஏன் தாவ வேண்டும்? அணு இருந்தால்தான் அப்படி. ஆனால் அவரிடமும் எடை விகிதம் இருந்ததே தவிர அளவு இல்லை. அதை எண்ணெய்ப் படலத்தில் 1890-இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி கணக்கிட்டார். மறு வருடம் ஜெர்மனியில் கல்லூரிப் படிப்பு இல்லாத ஆக்னஸ் பாக்கெல்ஸ் தன் வீட்டில் தகரத் தொட்டி வைத்துச் செய்த ஆய்வு நேச்சர் இதழில் வந்தது. பெண் பிள்ளைகளிடம் இதை நான் விடாமல் சொல்வேன். அப்போதும் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் போன்றவர்கள் அணுவை நம்பவில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் மூலக்கூறுகள் மோதி அசைவதைப் பற்றி 1905-இல் ஐன்ஸ்டீன் போட்ட கணக்கை, பிரெஞ்சு இயற்பியலாளர் பெரன் சோதித்துச் சரியென்று காட்டிய பிறகே வழிக்கு வந்தார்கள்.

விடை 1 முதல் 4 நானோமீட்டருக்குள் வந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். 20 வந்தால் பவுடர் அதிகம், வட்டம் விரிய முடியவில்லை. பவுடர் சரியென்றால் துளியை மறுபடி அளங்கள்: 0.5-ஐ 0.6 என்று எடுத்தாலே விடை முக்கால் மடங்கு ஏறிவிடும்.