ஈபிசி எடுக்கும்போது நம் ஆட்கள் செய்கிற தவறுகள்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கிளம்பினால் ஏஜென்ட் முதலில் கேட்கிற காகிதங்களில் ஒன்று ஈபிசி. வீடு எவ்வளவு எரிசக்தியை விழுங்கும் என்பதற்கு ஏ முதல் ஜி வரை தரம் போடுகிற சான்றிதழ். விற்பனைக்கு 2007லும் வாடகைக்கு 2008 அக்டோபரிலும் வந்தது, பத்து வருடம் செல்லும், செலவும் பெரிதில்லை. அதனாலேயோ என்னவோ, லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிற நம் ஆட்கள் பலர் இதைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடுகிறார்கள். பிறகு வாட்ஸ்அப் குழுவில் "மலிவா யாராவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்டு, யாரோ ஒருவரை வரவழைத்து, சாவியை வாடகைக்காரரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். டி வரவேண்டிய வீட்டுக்கு எஃப் வந்த பிறகுதான் பதற்றம். எஃப், ஜி தரத்தில் உள்ள வீட்டை, பதிவு செய்யப்பட்ட விலக்கு இல்லாவிட்டால், வாடகைக்கு விடவே முடியாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஈபிசிக்கும் உங்கள் கேஸ் பில்லுக்கும் சம்பந்தமில்லை. அந்த வீட்டில் சராசரியான ஒரு குடும்பம் வழக்கமான வெப்பநிலையில் வாழ்ந்தால் எவ்வளவு செலவாகும் என்று ஒரு கணக்கு போடுகிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் குளிர்காலம் முழுக்க ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பில்லைப் பாதியாக்கியிருந்தாலும் அதற்கு மார்க் கிடையாது. புதுக் கிச்சன், ஏ தர ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், புதுப் பெயின்ட் எதற்கும் கிடையாது. சுவர், கூரை, தரை, ஜன்னல், சூடாக்கும் கருவி, வெந்நீர், விளக்கு, சோலார் இவற்றைத்தான் பார்க்கிறார்கள். அதில் வருகிற புள்ளியைத்தான் எழுத்தாக மாற்றுகிறார்கள். 39 முதல் 54 வரை ஈ, 55 முதல் 68 வரை டி, 69 முதல் 80 வரை சி.

இனி, அதிகமாகப் புள்ளி இழக்கிற இடம். வீட்டைப் பார்த்துத் தரம் போட வருகிற அசெஸர் சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார், தரைப் பலகையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். கண்ணுக்குத் தெரிவதையும் காகிதத்தில் இருப்பதையும் மட்டும்தான் பதிவு செய்யலாம். இரண்டும் இல்லாவிட்டால் வீடு கட்டிய காலத்தை வைத்து மென்பொருள் தானே ஒன்றை ஊகித்துக்கொள்ளும், அந்த ஊகம் பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் பாதகமாகத்தான் இருக்கும். சான்றிதழில் சுவர் என்ற வரிக்கு எதிரே "இன்சுலேஷன் இல்லை" என்றும் பக்கத்திலேயே "ஊகம்" என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பணம் கொட்டி, வெப்பம் வெளியேறாமல் தடுக்கிற இன்சுலேஷன் போட்ட வீட்டுக்கும் அந்த வரி வரும், நீங்கள் ஆதாரம் காட்டாவிட்டால். "நான்தான் போட்டேன், என் கண் முன்னால் போட்டார்கள்" என்று வாயால் சொன்னால் செல்லாது. அவர் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் படமோ ஆவணமோ வைத்திருக்க வேண்டும், பிறகு தணிக்கைக்குக் கேட்பார்கள். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

அதனால் அவர் வருவதற்கு முன் ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள். இரட்டைச் சுவருக்கு நடுவில் இன்சுலேஷன் நிரப்பியிருந்தால் அதற்கான உத்தரவாதச் சான்றிதழ் இருக்கும், பல வீடுகளுக்கு 25 வருட உத்தரவாதம் கொடுத்திருப்பார்கள். வீட்டை வாங்கியபோது சொலிசிட்டர் அனுப்பிய கட்டுக்குள் அது கிடக்கலாம், தேடிப் பாருங்கள். ஜன்னல் மாற்றியதற்கு ஃபென்ஸா சான்றிதழ், பாய்லரின் மாடல் எண், பின்னால் இழுத்துக் கட்டிய பகுதிக்கும் கூரைக்கு அடியில் உள்ள லாஃப்ட் அறைக்கும், கட்டட விதிகளைச் சரிபார்க்கிற பில்டிங் கண்ட்ரோல் கொடுத்த முடிப்புச் சான்றிதழ். இந்தக் கடைசிக் காகிதம் நம் வீடுகளுக்கு மிக முக்கியம். குடும்பம் பெரிதாகிறது என்று லாஃப்டை அறையாக்காத வீடு நம்மிடம் குறைவு. 1930களில் கட்டிய வீட்டில் 2012இல் லாஃப்ட் அறை போட்டிருந்தால், அந்த அறையின் சரிவுக் கூரைக்குள் நல்ல இன்சுலேஷன் இருக்கும். ஆனால் எப்போது கட்டியது என்பதற்குக் காகிதம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை என்றால் கணக்கில் அது வெறும் ஓட்டுக் கூரைக்கு அடியில் படுத்திருக்கிற மாதிரிதான் சேரும். வீட்டிலேயே அதிக வெப்பம் போகிற பகுதியாக அந்த அறை மாறி, மொத்தத் தரத்தையும் கீழே இழுத்துவிடும்.

அறையாக்காத லாஃப்டிலும் இதே கதைதான். மூடியைத் திறக்க முடியாதபடி பெயின்ட் அடித்து ஒட்டிவிட்டிருப்பார்கள், அல்லது அதற்குக் கீழே அலமாரி நிற்கும், அல்லது மேலே ஏறினால் முழுக்கப் பலகை அடித்து ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ்களை அடுக்கியிருப்பார்கள். பலகைக்கு அடியில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளக்க முடியாவிட்டால் அங்கேயும் ஊகம்தான். ஒரு ஓரத்தில் ஒரு பலகையையாவது கழற்றி வையுங்கள். இப்போது சிபாரிசு செய்யப்படுவது 270 மில்லிமீட்டர். 50, 100 என்று மெலிசாக இருந்தால், அசெஸரைக் கூப்பிடுவதற்கு முன்பே மேலே ஒரு அடுக்கு விரித்துவிடுவது செலவு குறைந்த வேலைகளில் ஒன்று.

ஃபிளாட் வைத்திருப்பவர்கள் மறக்கிற விஷயம் மீட்டர். கேஸ் இல்லாத, மின்சாரத்தில் மட்டும் சூடாகிற ஃபிளாட்டுகளில் எகானமி 7 போன்ற இரவுக் கட்டண மீட்டர் இருக்கிறதா, ஒற்றைக் கட்டண மீட்டரா என்பதைப் பொறுத்துத் தரம் நன்றாகவே மாறும். காரணம், ஈபிசியின் பெரிய எழுத்து எரிபொருள் செலவை வைத்துப் போடப்படுவது. மீட்டர் கீழ்த்தளத்தில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும், சாவி மேனேஜிங் ஏஜென்டிடம் இருக்கும், அவர் போனை எடுக்க மாட்டார். சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அதே செலவுக் கணக்கில் அடி வாங்குகிற இன்னொரு தவறும் உண்டு. இரவின் மலிவு மின்சாரத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடுகிற பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர் அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, சுவரில் மெலிசாக ஒட்டி நிற்கிற மின்சாரப் பேனல் ஹீட்டர்களை மாட்டுவது. விற்கிறவர் "நூறு சதவீதம் திறன்" என்பார். பொய்யில்லை, ஆனால் பகல் கட்டணத்தில் ஓடுகிற மின்சாரம் கேஸைவிடப் பல மடங்கு விலை. ஆசையாகச் செலவு செய்து ஈயிலிருந்து எஃபுக்கு இறங்குவது இப்படித்தான். கார்பனைக் குறைக்கிறேன் என்று நல்ல எண்ணத்தோடு, வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் போட்டவர்களுக்குக்கூட எழுத்து எதிர்பார்த்த அளவு ஏறாமல் போவதுண்டு, அதே கணக்குதான். என்னைக் கேட்டால் இது இந்த முறையில் உள்ள பெரிய ஓட்டை. சான்றிதழின் அமைப்பையே மாற்றி, ஒற்றை எழுத்துக்குப் பதிலாகக் கட்டடம் தனி, சூடாக்கும் முறை தனி என்று பல அளவுகளைக் காட்டப்போவதாக அரசும் சொல்லியிருக்கிறது. அது வரும்போது பார்க்கலாம். இன்றைக்கு மாட்டுகிற கருவியை இன்றைய கணக்கை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பழைய பல்பு ஒன்று மிச்சமிருந்தாலும் எல்இடிக்கு மாற்றுங்கள். வெந்நீர்த் தொட்டி வெறுமனே செம்பாக மின்னுகிறதா, 80 மில்லிமீட்டர் உறை போடுங்கள். ரேடியேட்டர்களுக்குத் தெர்மோஸ்டாட் வால்வும் ஹாலில் ஒரு ரூம் தெர்மோஸ்டாட்டும் இருக்கட்டும். யாரும் பற்றவைக்காத பழைய கேஸ் ஃபயர் வரவேற்பறையில் நிலையாக மாட்டியிருந்தால் அதுவும் இரண்டாவது சூடாக்கும் கருவியாகக் கணக்கில் வரும், தேவையில்லாவிட்டால் கேஸ் வேலை செய்ய கேஸ் சேஃப் பதிவு பெற்ற ஒருவரை வைத்துக் கழற்றி, புகைபோக்கியையும் முறைப்படி அடைத்துவிடுங்கள். கன்சர்வேட்டரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவை "இடம் பெரிசாத் தெரியும்" என்று எடுத்துவிட்டீர்களா? அந்தக் கண்ணாடிக் கூண்டும் இப்போது வீட்டின் பகுதியாகிவிட்டது, அதன் வெப்ப இழப்பும் உங்கள் தலையில்தான்.

வரிசையை மாற்றிச் செய்வதும் சகஜம். முதலில் பல ஆயிரம் பவுண்ட் கொடுத்து எல்லா ஜன்னலையும் மாற்றுவார்கள், லாஃப்டைத் தொட மாட்டார்கள். ஏற்கனவே இரட்டைக் கண்ணாடி இருந்த வீட்டில் புது இரட்டைக் கண்ணாடி போட்டு ஏறுகிற புள்ளி மிகக் கொஞ்சம். பழைய விக்டோரியன் வீட்டில் வெப்பம் பெருமளவு போவது சுவர் வழியாக. உங்கள் சுவர் எந்த வகை என்று செங்கல்லைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். நீளமான கல் மட்டுமே வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் நடுவில் இடைவெளி உள்ள இரட்டைச் சுவர். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று மாறி மாறி வந்தால் அது திடச் சுவர், அதற்கு உள்ளேயோ வெளியேயோதான் இன்சுலேஷன் ஒட்ட வேண்டும், செலவு அதிகம். பழைய சான்றிதழிலேயே எதைச் செய்தால் எவ்வளவு ஏறும் என்று சிபாரிசுப் பட்டியல் இருக்கும். பலர் முதல் பக்கத்து எழுத்தைப் பார்த்ததோடு மூடிவிடுகிறார்கள்.

சரி, சட்டப் பக்கம். விளம்பரம் போடுவதற்கு முன்பே ஈபிசிக்குச் சொல்லியிருக்க வேண்டும், விளம்பரத்தில் தரம் தெரிய வேண்டும், வீடு பார்க்க வருகிறவருக்கும் குடிவருகிறவருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீட்டுக்கு 200 பவுண்ட் அபராதம் போடலாம். 200தானே என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2026 மே மாதம் வரை இருந்த, காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்கிற செக்‌ஷன் 21 நோட்டீஸ் கொடுத்துக் கோர்ட் வரை போன எத்தனையோ வீட்டுக்காரர்கள், வாடகைக்காரருக்கு ஈபிசி கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். மின்னஞ்சலில் அனுப்பி அதைப் பத்திரமாக வையுங்கள்.

வாடகைக்குக் குறைந்தபட்சம் ஈ என்பது புது ஒப்பந்தங்களுக்கு 2018 ஏப்ரலிலும் ஏற்கனவே ஓடுகிற ஒப்பந்தங்களுக்கு 2020 ஏப்ரலிலும் வந்தது. மீறினால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்ட் வரை போகலாம், பெயரையும் வெளியிடலாம். சரிசெய்ய 3,500 பவுண்ட் வரை செலவழித்தும் ஈ வராவிட்டால் விலக்கு கேட்கலாம். ஃபிளாட்டில், கட்டடத்துக்கும் நிலத்துக்கும் உரிமையாளரான ஃப்ரீஹோல்டர் அனுமதி மறுத்தாலும் கேட்கலாம். இங்கே நடக்கிற தவறு, விலக்கு தானாக வந்துவிடும் என்று சும்மா இருப்பது. அரசின் விலக்குப் பதிவேட்டில் ஆதாரத்தோடு நீங்களே பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான விலக்குகள் ஐந்து வருடம் செல்லும், வீடு கைமாறினால் வாங்கியவருக்குத் தொடராது. எஃப் தர வீட்டை வாடகைக்காரரோடு சேர்த்து "விலக்கு இருக்கு, கவலைப்படாதீங்க" என்று உங்களிடம் விற்கப் பார்த்தால் அந்த வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2030க்குள் சி என்று அரசு வைத்திருக்கிற இலக்கையும் மனதில் வைத்தே விலை பேசுங்கள். இதற்கு முன் 2025, 2028 என்று பேசி, 2023 செப்டம்பரில் ரிஷி சுனக் கைவிட்ட கதையும் உண்டு. ஆனாலும் திசை ஒன்றுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது, தேவையில்லாமல் புதுசு எடுப்பது. இன்னும் நான்கு வருடம் செல்லுபடியாகிற சான்றிதழ் இருக்கும்போது, புது பாய்லர் போட்டோமே, தரம் ஏறுமே என்று கூப்பிடுவார்கள். 2025 ஜூனில் கணக்கிடும் முறை மாறியிருக்கிறது, ஜன்னல்களை ஒவ்வொன்றாக அளக்கிறார்கள், ஊக மதிப்புகளும் மாறியிருக்கின்றன. அதே வீட்டுக்கு முன்பைவிடக் குறைவாகவும் வரலாம், பதிவேற்றிவிட்டால் புதியதுதான் பேசும். அரசின் இணையப் பதிவேட்டில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் வீட்டுச் சான்றிதழை இலவசமாகப் பார்க்கலாம். முதலில் அதைப் பாருங்கள், புதுசு எடுப்பதானால் பதிவேற்றுவதற்கு முன் உத்தேசத் தரத்தைச் சொல்லச் சொல்லி அசெஸரிடம் பேசிக்கொள்ளுங்கள். அதே பதிவேட்டில் பக்கத்து வீடுகளின் சான்றிதழும் தெரியும். ஒரே வரிசையில் ஒரே காலத்தில் கட்டிய வீடுகளில் அவர்களுக்கு டி, உங்களுக்கு எஃப் என்றால் எந்த வரியில் வித்தியாசம் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே பதிவேடும் விதிகளும் தனி. உங்கள் வீட்டிலேயே ஒரு அறையை, உங்களோடு கூடவே தங்குகிற லாட்ஜருக்கு விடுகிறீர்கள் என்றால் ஈபிசி தேவையில்லை. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடு என்றால் விலக்கு தானாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, கவுன்சிலிடம் விசாரியுங்கள்.

சான்றிதழ் வந்த அன்றே படித்துப் பாருங்கள். வீட்டின் பரப்பு சரியா, சுவர் வகை சரியா, பாய்லர் உங்களுடையதுதானா, லாஃப்ட் எத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். தப்பு இருந்தால் ஆதாரத்தோடு அசெஸருக்கே முதலில் எழுதுங்கள், உண்மையிலேயே அவர் தவறு என்றால் திருத்திப் பதிவேற்றலாம். மசியவில்லை என்றால் அவரை அங்கீகரித்திருக்கிற அமைப்பின் பெயரும் தொடர்பு விவரமும் சான்றிதழிலேயே இருக்கும், அங்கே புகார் கொடுங்கள்.