நிறைவு தரும் வேலையைக் கண்டறிவது எப்படி?

மனத்துக்கு நிறைவான வேலையைத் தேடுபவர்கள் பெரும்பாலும் ‘எனக்கு எதில் ஆர்வம்?’ என்ற கேள்வியில் தொடங்கி, அதிலேயே பல மாதங்கள் நின்றுவிடுகிறார்கள். செய்து பார்க்காத வேலையைப் பற்றி நமக்குத் தெரிவது அதன் வெளித்தோற்றம் மட்டுமே என்பதால், யோசனையால் மட்டும் அதற்கு விடை கிடைப்பது அரிது. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவற்றிலிருந்து தொடங்குவதே எளிது.

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பணியின்போது நேரம் போனதே தெரியவில்லை, எதைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டீர்கள், எதை முடித்ததும் யாரிடமாவது சொல்லத் தோன்றியது என்பதை அன்றன்றே எழுதுங்கள். வீட்டுப் பணிகள், பிறருக்குச் செய்த உதவிகள் ஆகிய சம்பளமில்லாத வேலைகளும் இதில் இடம்பெற வேண்டும். பதவிப் பெயர்களை விட்டுவிட்டு, ‘புரியாத ஒன்றை ஒருவருக்கு விளக்கினேன்’, ‘குழம்பிக் கிடந்த கணக்கை ஒழுங்குபடுத்தினேன்’ என்று செயலாகவே எழுதுங்கள்.

அந்தக் குறிப்புகளை எடைபோட ஓர் அளவுகோல் உண்டு. ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்டம் என்னும் ஆய்வாளர்கள் 1970களில் ஐந்து கூறுகளை முன்வைத்தார்கள்: பல திறன்களுக்கு இடம், ஒரு பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யும் வாய்ப்பு, அதனால் பிறருக்கு விளையும் பயன், தாமாக முடிவெடுக்கும் உரிமை, செய்தது எப்படி அமைந்தது என்று வேலையிலிருந்தே தெரிவது. இவற்றில் எது குறைகிறது என்று பார்த்தால், ‘வேலை பிடிக்கவில்லை’ என்ற பொதுவான சலிப்பு, ஏதாவது செய்து சரிப்படுத்தக்கூடிய ஒரு குறையாகச் சுருங்கும்.

என் கணிப்பில், பலருக்கு இல்லாமல்போவது தம் உழைப்பின் பயனைக் கண்ணால் காணும் வாய்ப்புதான். மாணவர் உதவித்தொகைக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டிய பணியாளர்கள், அத்தொகையால் படித்த ஒருவரைச் சில நிமிடங்கள் சந்தித்த பிறகு, முன்பைவிடக் கூடுதலாக உழைத்து அதிகப் பணம் திரட்டியதை ஆடம் கிராண்டும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நீங்கள் தயாரிக்கும் அறிக்கையையோ பொருளையோ பயன்படுத்துபவரை ஒருமுறையாவது சந்திக்க வழிசெய்யும்படி கேளுங்கள். வேலையை விடுவதற்கு முன் செய்யக்கூடிய, செலவே இல்லாத சோதனை இது.

அடுத்து, இருக்கும் வேலையின் எல்லைகளைச் சற்று மாற்றிப் பாருங்கள். மேலதிகாரியிடம் ‘எனக்கு வேறு வேலை கொடுங்கள்’ என்பதைவிட, ‘புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் பயிற்சி தருகிறேன்’ என்று திட்டவட்டமாகக் கேட்பதே பெரும்பாலும் பலிக்கும்.

எதுவும் மாறாத வேலைகளும் உண்டு. அப்போது அந்த வேலையைச் சம்பளத்துக்காக மட்டும் வைத்துக்கொண்டு, நிறைவை வெளியே தேடுவதில் குறைவொன்றும் இல்லை. படித்துக் காட்டுதல், மரம் வளர்த்தல், இசை, பழுதுபார்த்தல் என எதுவானாலும், யாரேனும் ஒருவர் உங்களை எதிர்பார்த்திருக்கும்படி அதை அமைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்யும் பொழுதுபோக்கு, வேலை நெருக்கும் முதல் வாரத்திலேயே நின்றுபோகக்கூடும். மூன்று மாதம் என்று முன்கூட்டியே கெடு வைத்துக்கொண்டால், பிடிக்காவிட்டால் சங்கடமின்றி விலகலாம். முழுநேரமாக மாற எண்ணினால், அத்துறையில் இருப்பவரிடம் அதன் பெருமையைக் கேட்காதீர்கள்; ஒரு சாதாரண நாளில் அவர் செய்யும் மிகச் சலிப்பூட்டும் வேலை எது என்று கேட்டு, அதை உங்களால் தாங்க முடியுமா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. விலங்குக் காட்சிச்சாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றில், தம் பணியை வாழ்வின் அழைப்பாக, அதாவது தாம் செய்யவே பிறந்த வேலையாகக் கருதியவர்கள் ஊதியத்தையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடுதலாக முன்வந்ததும், அதனால் சுரண்டலுக்கு எளிதில் ஆளாகக்கூடியதும் தெரியவந்தன. ஆகவே, பிடித்த வேலையை ஏற்கும் முன்பே குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.