பழைய வேனில் க்ரூஸ் கன்ட்ரோல் பொருத்துவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓட்டும்போது வலது கால் படும் பாடு, பழைய வேன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியோடு வராத க்ரூஸ் கன்ட்ரோலைப் பிறகு பொருத்திக்கொள்ள முடியும். மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கவும் வயரை ஒழுங்காக கிரிம்ப் செய்யவும் தெரிந்தவர் நிதானமாகச் செய்தால் முடிகிற வேலைதான்.

இந்தச் சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஆண்டு 1950. சிறு வயதிலேயே கண்பார்வையை இழந்தவர் அவர்! 1958-இல் க்ரைஸ்லரின் இம்பீரியல் காரில் இது விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை அடிப்படை வேலை மாறவில்லை. வண்டியின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் குறித்த வேகத்தைவிடக் குறைந்தால் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து இஞ்சினின் வேகத்தைக் கூட்டும் வால்வு) திறக்கும், கூடினால் மூடும்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேகத்தைப் பிடித்துவைக்கும் வேலையை, நீங்கள் வாங்கிப் பொருத்தும் க்ரூஸ் கன்ட்ரோல் கிட் தானே பார்த்துக்கொள்ளும். பிரேக்கில் கால் பட்டதும் அது சட்டென்று விடுகிறதா என்பது முழுக்க நீங்கள் வயர் இணைக்கிற விதத்தில் இருக்கிறது. அதனால் பிரேக் விளக்கு ஒழுங்காக எரியாத வண்டியிலோ, ஆக்ஸிலரேட்டர் ஒட்டிக்கொள்கிற வண்டியிலோ இதைத் தொடங்கவே வேண்டாம். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

படி 1: உங்கள் வேனில் கேபிளா, எலக்ட்ரானிக்கா?

பானட்டைத் திறந்து வைத்து, இஞ்சினை நிறுத்திய நிலையில், இன்னொருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். த்ராட்டில் பாடியிலோ டீசல் பம்பிலோ ஒரு லீவரை கேபிள் இழுத்தால் அது பழைய முறை. எதுவும் அசையவில்லை, பெடலின் மேல்பக்கம் ஐந்தாறு வயர்கள் உள்ள ஒரு பிளக் மட்டும் இருக்கிறது என்றால் எலக்ட்ரானிக் த்ராட்டில். இரண்டுக்கும் கிட் வேறு, வேலையும் வேறு.

எலக்ட்ரானிக் என்றால் கிட் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு விஷயத்தை விசாரியுங்கள். அதே மாடலின் விலை கூடிய பதிப்பில் க்ரூஸ் கன்ட்ரோல் இருந்ததா? இருந்தது என்றால், உங்கள் வேனின் இஞ்சின் கம்ப்யூட்டரிலும் அதற்கான மென்பொருள் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஃபோக்ஸ்வாகன் டி5 வேன் இதற்கு நல்ல உதாரணம். பொத்தான்கள் உள்ள ஸ்டியரிங் லீவரை மாட்டி, சில வயர்களை இழுத்து, டயக்னாஸ்டிக் கருவியால் அந்த வசதியை இயக்கிவிட்டால் பல டி5-களில் வேலை முடிந்தது. கம்பெனி வடிவமைத்த பாதுகாப்பெல்லாம் அதோடு வந்துவிடும். இந்த வழி இருக்கும்போது வெளி கிட்டைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் லீவரை மாற்ற ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டிவந்தால் ஏர்பேக் குறுக்கே நிற்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் நிற பிளக்குகளிலும் மஞ்சள் உறை போட்ட வயர்களிலும் மீட்டரையோ டெஸ்ட் லாம்பையோ வைக்கவே கூடாது. பழக்கமில்லை என்றால் அந்த ஒரு வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

படி 2: கிட் தேர்வு

கேபிள் வண்டிக்கான கிட்டில் த்ராட்டிலை இழுக்க ஒரு சர்வோ வரும். அது இஞ்சினின் வேக்குவத்தில் இயங்கலாம், அல்லது உள்ளே மின்மோட்டார் இருக்கலாம். பெட்ரோல் வண்டியின் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் தாராளமாகக் கிடைக்கும். டீசலில் அப்படிக் கிடையாது, பிரேக்குக்காக வைத்திருக்கும் வேக்குவம் பம்ப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிரேக்கின் பங்கில் கைவைப்பது எனக்குப் பிடிக்காது, அதனால் டீசல் என்றால் மோட்டார் சர்வோவே மேல். பெட்ரோலில் பிரேக் பூஸ்டர் ஹோஸிலிருந்து எடுப்பதாக இருந்தால், ஒருவழி வால்வுக்கு இஞ்சின் பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். பூஸ்டர் பக்கம் கூடவே கூடாது.

எலக்ட்ரானிக் வண்டிக்கான கிட்டில் சர்வோ இருக்காது. பெடல் பிளக்குக்கும் வண்டியின் வயரிங்குக்கும் நடுவே உட்காரும் ஒரு சிறு பெட்டிதான். பெடல் சென்சார் பொதுவாக இரண்டு சிக்னல் அனுப்பும். பல வண்டிகளில் ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு வோல்டேஜ். இரண்டும் பொருந்தவில்லை என்றால் இஞ்சின் கம்ப்யூட்டர் எச்சரிக்கை விளக்கைப் போட்டு வண்டியின் வேகத்தையே குறைத்துவிடும். ஆகவே உங்கள் மாடலுக்கென்றே செய்த பிளக் உள்ள ஹார்னஸை (வயர் தொகுப்பை) வாங்குங்கள். பெடல் வயரை வெட்டி ஒட்டுவது வேண்டாம்.

படி 3: வேக சிக்னல்

கிட்டுக்கு வண்டியின் வேகம் தெரிய வேண்டும். ஸ்பீடோமீட்டர் எலக்ட்ரானிக்காக இருந்தால் கியர்பாக்ஸ் சென்சாரிலிருந்து வரும் வயரிலேயே சிக்னல் கிடைக்கும். மூன்று வயர் சென்சாரில் ஒன்று சப்ளை, ஒன்று எர்த், மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. இஞ்சின் சுழற்றும் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, நியூட்ரலில் இக்னிஷனைப் போடுங்கள். இருவராகச் சக்கரங்களை ஒரே திசையில் மெதுவாகச் சுற்றினால் அந்த வயரில் வோல்டேஜ் ஏறி இறங்குவது மீட்டரில் தெரியும்.

ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடும் வண்டி என்றால், கேபிளோடு இணைக்கும் சென்சாரை வாங்கலாம், அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் சுழல்தண்டு) காந்தம் கட்டி, அருகே அதை உணரும் பிக்அப் பொருத்தலாம். காந்தத்தை இறுக்கமாகக் கட்டுங்கள், வேகத்தில் அது கழன்று பறந்தால் அடியில் எதை உடைக்கும் என்று சொல்ல முடியாது.

கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்பதை கிட்டில் அமைக்க வேண்டியிருக்கும். சிக்னல் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு பல்ஸ். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 500 சுற்று சுற்றும். ஆக்ஸில் விகிதம் 4 என்றால், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4 சுற்று சுற்றினால், ஷாஃப்ட் 2,000 சுற்று. அதில் 2 காந்தம் கட்டியிருந்தால் 4,000 பல்ஸ். அவ்வளவுதான் கணக்கு. ஜப்பானிய அளவுப்படி செய்த ஸ்பீடோ கேபிள் கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றும், சுற்றுக்கு 4 பல்ஸ் தரும் சென்சாரில் அது 2,548.

படி 4: பிரேக்கும் கிளட்சும்

பிரேக் பெடலின் மேலே உள்ள சுவிட்சில் இரண்டு வயரைத் தேடுங்கள். ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். மற்றதில் பெடலை மிதித்தால் மட்டும் 12 வோல்ட் வரும், அதுதான் பிரேக் விளக்குக்குப் போகிற வயர். கிட்டின் பிரேக் வயர் இந்த இரண்டாவதில் சேரும். சில கிட்கள் இரண்டிலும் ஒவ்வொரு வயர் கேட்கும்.

இங்கே பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் ஒரு சங்கதி உண்டு. பெடலில் கால் இல்லாதபோது, பல கிட்கள் பிரேக் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று பார்க்கும். கிடைக்கவில்லை என்றால் 'பிரேக் சர்க்யூட் அறுந்திருக்கிறது' என்று முடிவுகட்டி, வேகத்தைப் பிடிக்கவே மறுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பின்விளக்குகளை எல்லாம் எல்இடியாக மாற்றிய வேனில் அந்த இழையே இல்லை! வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் க்ரூஸ் வேலை செய்யாது. ரிலே போட்டு ஏமாற்ற வழி சொல்பவர்கள் உண்டு. ரிலேயின் காயில் போய்விட்டால் பிரேக் மிதித்தது கிட்டுக்குத் தெரியாமலே போகும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு பிரேக் விளக்கிலாவது பழையபடி இழை பல்பைப் போடுங்கள். சுவிட்சிலிருந்து வயர் நேராக விளக்குக்குப் போகும் வண்டிகளில் இது போதும்.

அப்புறம் கிளட்ச். க்ரூஸ் ஓடும்போது கிளட்சை மிதித்தால் இஞ்சினுக்குச் சுமை போய்விடும், வேகம் குறைகிறதே என்று கிட் த்ராட்டிலைத் திறக்கும், இஞ்சின் அலறும். கிளட்சில் ஏற்கெனவே சுவிட்ச் இருந்தால் அதில் இணைக்கலாம். இல்லையென்றால் கிட்டோடு வரும் காந்த சுவிட்சைப் பெடல் கம்பியில் பொருத்துங்கள், பெடல் கொஞ்சம் இறங்கியதுமே அது இயங்க வேண்டும். இஞ்சின் சுற்று திடீரென்று ஏறினால் தானே விட்டுவிடும் கிட்களும் உண்டு. இருந்தாலும் மேனுவல் கியர் வண்டியில் சுவிட்சைத் தவிர்க்காதீர்கள்.

படி 5: மின்சாரமும் சர்வோவும்

சப்ளையை இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து, கிட் சொல்லும் அளவு ஃபியூஸோடு எடுங்கள். எர்த்தை பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பில் இறுக்குங்கள். வயரின் உறைமேலேயே கவ்விக்கொள்ளும் நீலநிற கிளிப்புகள் சுலபமானவை, ஆனால் காலப்போக்கில் அரித்துத் தொடர்பு விட்டுப்போகும். பிரேக் வயரில் அவை வேண்டவே வேண்டாம். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். பொத்தான்களைக் கை எட்டும் இடத்தில், ஏர்பேக் விரியும் வழியில் இல்லாதபடி வையுங்கள்.

கேபிள் வண்டியில் சர்வோவுக்கு இடம் பார்ப்பதுதான் நேரம் பிடிக்கிற வேலை. சைலன்ஸர் பைப்பின் சூடு, ஃபேன், பெல்ட் மூன்றுக்கும் தள்ளி இருக்க வேண்டும். கேபிள் கூர்மையாக மடியக் கூடாது, இஞ்சின் அசையும்போது இழுபடவும் கூடாது. த்ராட்டில் முழுக்க மூடியிருக்கும்போது கேபிளில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தொய்வு வையுங்கள். தொய்வே இல்லாவிட்டால் ஐடிலிங் ஏறும். அதிகமானால் பொத்தானை அழுத்தியதும் வேகம் சற்று இறங்கிய பிறகுதான் பிடிக்கும்.

மாட்டிய பின் கையால் கேபிளை இழுத்து விட்டுப் பாருங்கள். த்ராட்டில் 'டக்'கென்று மூட வேண்டும். காலால் பெடலை முழுக்க மிதித்து விட்டாலும் அதேபோல மூட வேண்டும். கேபிளை த்ராட்டிலோடு இணைக்கும் சங்கிலியோ கிளிப்போ எங்காவது சிக்குவதாக லேசான சந்தேகம் வந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

படி 6: சோதனை

முதலில் நின்ற இடத்தில். பல கிட்களில் சோதனைக்கென்று ஒரு சிறு விளக்கு இருக்கும். இக்னிஷனைப் போட்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, பிரேக்கை மிதித்து, கிளட்சை மிதித்து அது சரியாகப் பதில் தருகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் கிட் என்றால், கையேட்டில் சொன்னபடி பெடலின் மேல் கீழ் எல்லைகளைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம்.

அப்புறம் போக்குவரத்து இல்லாத நேரான சாலை. பெரும்பாலான கிட்கள் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே பிடிக்காது, அதனால் 60-இல் தொடங்குங்கள். பிடித்ததும் முதலில் செய்ய வேண்டியது விடச் சொல்வதுதான். பிரேக்கை லேசாகத் தொடுங்கள், விளக்கு எரியும் அளவுக்குத்தான். விட்டதா? மறுபடி பிடித்து கிளட்ச், மறுபடி பிடித்து ஆஃப் பொத்தான். மூன்றிலும் உடனே விட்ட பிறகுதான் வேகம் எப்படி நிலைக்கிறது என்று பாருங்கள். ஏறி இறங்கி ஊசலாடினால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். மேட்டில் மிகவும் தாமதமாக எழும்பினால் கூட்டுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் பல்ஸ் எண்ணிக்கை தப்பாக இருக்கும்.

ஒருவேளை எதற்கும் விடாமல் இழுத்தால் கிளட்சை மிதித்து, பிரேக்கை அழுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இக்னிஷனை ஆஃப் செய்யலாம், ஆனால் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இதை வண்டிக்குள் ஏறுவதற்கு முன்பே மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இந்த வகை க்ரூஸ் கன்ட்ரோல் பிரேக் போடாது. இறக்கத்தில் குறித்த வேகத்தைத் தாண்டி வண்டி ஓடும், அங்கே நீங்கள்தான் பிடிக்க வேண்டும். மழையில் வழுக்கும் சாலையிலும் நெரிசலிலும் அணைத்தே வையுங்கள். வண்டியில் செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா என்பதையும் பாலிசியில் பார்த்துவிடுங்கள்.

சில நாள் ஓட்டியதும் கேபிள் கிளிப், சர்வோ போல்ட், காந்தம் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். இனிமேல் பிரேக் பல்பு மாற்றினாலும், பிரேக் சுவிட்சை மாற்றினாலும், அந்த மூன்று சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.