கார்வெட் ஃபெண்டரில் விரிசலா? ரெசின் வாங்கும் முன் பேனலைத் தடவிப் பாருங்கள்

என் 1979 மாடல் செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் முன் ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்தை மூடும் பேனல், கராஜ் சுவரில் உரசி, சக்கர வளைவின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிந்துவிட்டது. ஓட்டியது நான்தான். மனைவி சாட்சி.

முதல் தடவை சாதாரண பாலியஸ்டர் ரெசினில் நான் போட்ட ஒட்டு எட்டு மாதம்தான் தாங்கியது. ஆகஸ்ட் வெயிலில் ஓரம் மெல்லத் தூக்கியது. நகத்தை விட்டு இழுத்தால் சுவரொட்டி போல முழுசாக உரிந்து வந்தது. இரண்டாம் தடவை போட்டது மிச்சிகனில் நாலு குளிர்காலம் பார்த்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றதுதான் இந்தப் பதிவு.

கார்வெட்டுக்கு 1953 முதலே இரும்புத் தோல் கிடையாது. அந்த வருடம் ஃப்ளின்ட் நகரில் செய்த 300 கார்களும் ஃபைபர்கிளாஸ் உடம்புதான், அதாவது கண்ணாடி இழையை ரெசின் என்ற இறுகும் பிசினில் தோய்த்தது. ஆனால் 1973 வாக்கில் பேனல் செய்யும் முறை எஸ்எம்சி (SMC) என்ற தகட்டுக் கலவைக்கு மாறியது. நறுக்கிய கண்ணாடி இழை, ரெசின், சுண்ணாம்புத் தூள் எல்லாம் கலந்து பிசைந்த தகட்டைச் சூடான இரட்டை அச்சுக்குள் வைத்து அழுத்துவார்கள். அச்சில் ஒட்டாமல் கழன்று வர, சோப்பு மாதிரி ஒரு பொருளை அந்தக் கலவையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அங்கேதான் நான் விழுந்தேன். அது மேலே பூசியது என்றால் தேய்த்து எடுத்துவிடலாம். இது பேனல் முழுக்க ஊறியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் சாதாரண பாலியஸ்டர் ரெசின் அதில் உறுதியாகப் பிடிக்காது. எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் பிடிக்கும்.

எனவே முதல் வேலை: ஃபெண்டருக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்கள். உள்பக்கமும் வழவழப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் எஸ்எம்சி. இழைகள் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் பழைய வகை. எது என்று தெரியவில்லையா, எபாக்ஸியே வாங்குங்கள். விலை அதிகம்தான், இரண்டு தடவை பெயின்ட் அடிக்கும் செலவை விடக் குறைவு.

அடுத்தது, சேதத்தின் எல்லை. ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டிக் டிக் என்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் பொத் என்று கேட்கும். என் விரிசல் கண்ணுக்கு ஒரு சாண். காதுக்கு ஒன்றரைச் சாண். அது முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிட்டால் மேலே ஓடாது. ஃபெண்டரின் மேல்பக்கம் நேர்கோடாக ஒன்று தெரிந்தால் பதறாதீர்கள், இரண்டு பேனல்கள் ஒட்டப்பட்ட மூட்டு அது.

தேய்க்கும் முன் சோப்பு, பிறகு மெழுகு நீக்கும் திரவம். வரிசையை மாற்றினால் மெழுகை நீங்களே உள்ளே தேய்த்துவிடுவீர்கள். பெயின்ட் உரிக்கும் ரசாயனத்தை விட்டுவிடுங்கள், அது ரெசினையும் தின்னும். பெயின்ட்டைத் தேய்த்து எடுக்க 80 நம்பர் உப்புத்தாள் போதும். முகமூடி, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையில் கண்ணாடித் தூள் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், தேய்க்கக் கூடாது.

இப்போது சரிவு. விரிசலை நிரப்பினால் போதாது, அதன் இரு பக்கமும் பேனலைச் சரிவாகச் சீவ வேண்டும். தடிமனைப் போல 12 மடங்கு என்பது கணக்கு. 3 மில்லிமீட்டர் பேனல் என்றால் பக்கத்துக்கு 36 மில்லிமீட்டர். இவ்வளவு நல்ல இடத்தையும் கெடுக்கிறோமே என்று கை கூசும். கூசட்டும். ஒட்டு பிடிப்பது அந்தச் சரிவில்தான். 36 நம்பர் தாளை கிரைண்டரில் மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். உள்பக்கமும் சொரசொரப்பாக்கி, முதலில் அங்கே இரண்டு அடுக்கு போடுங்கள். இறுகிய பிறகு வெளிப்பக்கம்.

துணி வாங்கும்போது கவனம். நறுக்கிய இழைப் பாய்தான் மலிவு. ஆனால் அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் அது விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த துணி வாங்குங்கள். பெரிய துண்டு முதலில், மேலே போகப் போகச் சிறியது. இதில் ஆளுக்கொரு கட்சி உண்டு, நான் பெரியது முதல் கட்சி.

கலவை விகிதம் டப்பாவில் உள்ளபடியே. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) அதிகம் ஊற்றினால் கடைசி வரை பிசுபிசுப்புதான். கலந்ததைக் கப்பில் விடாமல் அகலத் தட்டில் ஊற்றுங்கள். நான் கப்பிலேயே விட்டுவிட்டு போன் எடுக்கப் போய், திரும்பி வந்தபோது கப் புகைந்துகொண்டிருந்தது.

இறுகியதும் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். உடனே உப்புத்தாள் போடாதீர்கள். தண்ணீரும் தேய்ப்பானும் வைத்துக் கழுவிய பிறகுதான். அப்புறம் மெல்லிய பட்டி, பிரைமர், பெயின்ட். இதெல்லாம் இரும்புக் காருக்குச் செய்வது போலத்தான்.

பிற்சேர்க்கை 1: டிசம்பரில் செய்த ஒருவருக்கு மூன்று நாளாகியும் இறுகவில்லையாம். குளிர் கராஜில் அப்படித்தான். விளக்கு வைத்துப் பேனலை 20 டிகிரிக்கு மேல் கொண்டு வந்த பிறகு கலக்குங்கள். பெயின்ட்டுக்கு முன் ஒருநாள் நல்ல வெயிலிலும் வையுங்கள், இல்லையென்றால் கோடையில் துணியின் நெசவு பெயின்ட்டில் தெரியும்.

பிற்சேர்க்கை 2: பழைய வகைப் பேனலுக்குப் பாலியஸ்டர் வாங்கியவர், அதை இறுக வைக்கச் சேர்க்கும் ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்துவிட்டு ரெசினில் ஊற்றலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம், இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றது.

பிற்சேர்க்கை 3: பம்பருக்கும் இதே முறையா? 1973 முதல் முன் பம்பர், 1974 முதல் பின் பம்பர் வளையும் யூரித்தேன் உறை. அழுத்தினால் வளைகிறதா? அப்போது இந்த ரெசின் அங்கே விரிசல் விட்டு உதிரும். வளையும் தன்மையுள்ள தனிப் பசை வேண்டும்.