என்ஐசியு-வில் தீயோ வெள்ளமோ வந்தால்: புதிய நர்ஸ்களுக்கான முன்தயாரிப்பு

2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயலில் நியூயார்க்கின் என்ஒய்யு லாங்கோன் மருத்துவமனையில் ஜெனரேட்டரும் கைவிட்டது. ஒன்பதாவது மாடி என்ஐசியு-வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்த 20 குழந்தைகளைப் படி வழியாகவே கையில் ஏந்தி இறக்கினார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு வழியெல்லாம் கையால் மூச்சு கொடுத்தபடி. அத்தனை பேரும் பத்திரமாக வெளியேறினார்கள். 2024 நவம்பரில் ஜான்சியில் என்ஐசியு தீப்பிடித்தபோது, அன்றிரவே 10 குழந்தைகளை இழந்தோம். நம் வார்டில் எந்தக் குழந்தைக்கு யார் கை என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

1. ஷிப்ட் மாறும்போதே குழந்தைகளை வகைபிரித்துவிடுங்கள். வென்டிலேட்டர் குழந்தைக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தூக்க, ஒருவர் மூச்சு கொடுக்க. ஆக்சிஜன் மட்டும் போகிறதா, ஒருவர் போதும். பால் குடித்து எடை ஏறிக்கொண்டிருக்கும் குழந்தையை அம்மாவே தூக்கிக்கொண்டு இறங்கலாம். பொறுப்பாளர் பெயரைப் படுக்கையிலேயே எழுதி ஒட்டுங்கள். இரவு ஷிப்டில் ஆள் போதாது என்பது இங்கேயே தெரிந்துவிடும். அப்போதே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

2. ஆம்பு பேக், அதாவது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை. ஒவ்வொரு வார்மர் (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கை) பக்கத்திலும் ஒன்று, பச்சிளம் குழந்தைக்கான அளவில். குறைமாதக் குழந்தைக்கு 0 அளவு மாஸ்க், நிறைமாதத்துக்கு 1. பையில் மாஸ்க் மாட்டும் வாயை உள்ளங்கையால் அடைத்து அழுத்திப் பாருங்கள். பிரஷர் வால்வு வழியாகக் காற்று சீறி வெளியேற வேண்டும். அப்புறம் கையை எடுத்துவிட்டு அழுத்துங்கள், பை உடனே உப்ப வேண்டும். கரண்டும் ஆக்சிஜனும் இல்லாமலே இது வேலை செய்யும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை, நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு மட்டும்.

3. ஆக்சிஜன் வால்வு எங்கே? ஆக்சிஜன் தேங்கிய அறையில் தீ மிக வேகமாகப் பரவும். வார்டுக்கான வால்வை மூடுவது யார், யார் சொன்ன பிறகு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை ஆம்பு பேக்குக்கு மாற்றாமல் மூடக் கூடாது. தீ என்றால், நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தைதான் முதலில்.

4. சூடு. உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகவிடாதீர்கள். தொப்பி, உலர்ந்த துணி, ரொம்பச் சின்னக் குழந்தைக்குக் கழுத்துவரை பிளாஸ்டிக் உறை. நிலையாக இருக்கும் குழந்தைக்கு அம்மாவின் மார்புச் சூடே போதும், கங்காரு பராமரிப்பு போல.

5. அடையாளம். கையிலும் காலிலும் அம்மா பெயருள்ள பட்டை. கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) குழந்தையோடுதான் போக வேண்டும்.

6. ஒத்திகை. பொம்மையை வைத்து, இரவில், லிஃப்ட் இல்லாமல், டார்ச்சோடு. ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே படி இறங்கிப் பாருங்கள், திருப்பத்தில் கை நின்றுபோகும். அந்த இடத்தில் யார் விளக்குப் பிடிப்பது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.