காருக்கு எந்த அளவு டயர்? கடைக்குப் போகும் முன் நீங்களே கண்டுபிடிக்கலாம்

"ஒரு சைஸ் பெருசா போட்டுக்கலாம் சார், கிரிப் நல்லா இருக்கும்." டயர் கடையில் இதைக் கேட்காதவர் குறைவு. போடலாமா, கூடாதா என்று சொல்ல மெக்கானிக் வேண்டாம். செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். பலரிடமும் இருக்கும் மாருதி ஸ்விஃப்டை வைத்தே பார்ப்போம்.

படி 1: ஸ்டிக்கரைப் பாருங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால், தூணில் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி சொன்ன டயர் அளவு அதிலேயே இருக்கும். இல்லையென்றால் காரோடு தந்த கையேட்டில் இருக்கும். இப்போது ஓடும் டயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நான் வாங்கிய பழைய காரில் முன்னால் இரண்டும் ஓர் அளவு, ஸ்டெப்னி வேறு அளவு. முன்பு வைத்திருந்தவர் எப்போதோ மாற்றியிருக்கிறார்.

படி 2: எண்களைப் படியுங்கள்

165/80 ஆர் 14 85 டி என்று இருந்தால், 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்கட்டமைப்பு வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 டி-யைப் படி 4-ல் பார்ப்போம்.

படி 3: மொத்த உயரத்தைக் கணக்கிடுங்கள்

இதுதான் முக்கியம், நிதானமாகப் போடுங்கள். 165-ல் 80 சதவீதம் 132. ரிம்முக்கு மேலும் கீழும் பக்கச்சுவர் உண்டு, அதனால் 264. ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதனால் ரிம் 14 × 25.4 = 355.6. இரண்டையும் கூட்டினால் 619.6 மி.மீ.

ஸ்விஃப்டின் மேல் மாடலில் வரும் 185/65 ஆர் 15-க்கும் இதே கணக்கைப் போட்டால் 621.5. ரிம் பெரிதானாலும் பக்கச்சுவர் குறைந்ததால் வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை.

சரி, 14 அங்குல ரிம்மிலேயே 185/80 போட்டால்? 651.6 மி.மீ. 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 105-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிக்கப் குறையும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசவும் கூடும். அதே ரிம்மில் 185/70 என்றால் 614.6, ஒரு சதவீதம்கூட மாறவில்லை. வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அகலமான டயரை ரிம்மின் அகலம் ஏற்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: எடையும் வேகமும்

85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. இவை கம்பெனி சொன்னதைவிடக் கூடலாம், குறையக் கூடாது. குடும்பத்தோடு டிக்கி நிறைய சாமான் ஏற்றி ஊருக்குப் போகிற கார் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

படி 5: தயாரித்த தேதி

பக்கச்சுவரில் சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். பில் போடும் முன் நான்கு டயரிலும் பாருங்கள்.

இரண்டுதான் வாங்குகிறீர்கள் என்றால் ஒரே அச்சில் இரண்டும் ஒரே அளவு, ஒரே ரகமாக இருக்கட்டும். மாட்டியதும் பேலன்சிங், அலைன்மென்ட் பார்த்துவிட்டு, கடை வாசலிலேயே ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசிவரை திருப்பி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் அங்கேயே கழற்றச் சொல்லுங்கள்.